பெட்டி எண் நாற்பத்தொன்று

வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்,
குகை என்று யாரிடமும் உளறாதே.
கீழே குகை இல்லை.
மணற்கல்தான் இருக்கிறது.
படியில் அரிசியை அளந்தால்
அரிசிக்கும் அரிசிக்கும் நடுவே மிஞ்சுமே,
அந்த இடம் இருக்கிறது.

பத்தொன்பது வருஷமாக
அந்த இடத்தைத்தான் அளக்கிறேன்.

எர்ணாவூரில் எனக்குக் ‘கல்லு மேடம்’ என்று பெயர்.
நண்டு விற்கும் பிலோமினா கேட்பாள்:
“இன்னா மேடம், பொகையப் பொதைக்க எடம் கெடச்சுதா?”
புகை இல்லை பிலோமி, கரியமில வாயு.
எண்ணூறு மீட்டருக்குக் கீழே அழுத்தினால்
காற்றுமில்லாமல் தண்ணியுமில்லாமல்
நடுவில் ஒன்றாகிவிடும்.
“எங்க ஆத்துத் தண்ணி மாரியா?”
கேட்டுக்கொண்டே நண்டின் காலை ஒடித்தாள்.
அதற்கு என்னிடம் வரைபடம் இல்லை.

தேவசகாயத்துக்கு அனல்மின் நிலையத்தில் பாய்லர் ஷிஃப்ட்.
அவன் மேலே அனுப்புவதைக்
கீழே அனுப்ப வழி தேடுவது என் உத்தியோகம்.
இரண்டு பேருக்கும் ஒரே ரேஷன் கார்டு.
விடியலில் அவன் ஷூவைக் கழற்றும்போது
நான் மாட்டிக்கொண்டிருப்பேன்.
இன்னைக்கு எவ்வளவு? என்பேன்.
டன்னில் சொல்வான்,
பால் கணக்கு சொல்வதுபோல.

துளை எண் நான்கு:
அத்திப்பட்டுக்கு அப்பால், கழிமுகத்தின் ஓரம்.
பதினோரு மாதம்.
ரிக் சத்தத்துக்குக் கொக்குகள் முதலில் பறந்தன,
பிறகு பழகிக்கொண்டன.
மூன்று மீட்டருக்கு ஒருமுறை குப்புராஜ்
குழாயைத் தட்டிக் கல்லை உருவித்
தகரப் பெட்டியில் படுக்க வைப்பார்.
நான் ஒரு துணுக்கை நாக்கில் வைப்பேன்.
பல்லில் நறநறத்தால் வண்டல்.
வழவழவென்று கரைந்தால் களிப்பாறை.
களி என்றால் மூடி,
மூடி என்றால் அன்று டீ என் செலவு.
புதுப் பையன்கள் முகம் சுளிப்பார்கள்.
கருவி வர ஆறு வாரம் ஆகும் தம்பி,
நாக்கு கூடவே இருக்கிறது.

நல்ல மூடிதான் கிடைத்தது. அறுபத்திரண்டு மீட்டர் கனம்,
கருப்பாக, எண்ணெய் தடவியதுபோல்.
தில்லிக்குப் படம் அனுப்பினோம்.
யாரோ மைசூர்பாகு வாங்கி வந்தார்கள்.

பெட்டி எண் நாற்பத்தொன்றில்
முடியளவு ஒரு விரிசல்.
விரிசல் எந்தக் கல்லில்தான் இல்லை?
சுண்ணாம்பு ஊறி அடைத்திருக்கும், வெள்ளைத் தையல் மாதிரி.
இதில் தையல் இல்லை.
ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன்.
குடித்தது.
இன்னொரு சொட்டு விட்டேன்.

இயக்குநர் நல்ல மனிதர்.
“மேலும் ஆய்வு தேவை-ன்னு எழுதலாமே” என்றார்.
மேலும் ஆய்வு தேவை.
அந்த மூன்று சொல்லில்தான் வீட்டுக் கடன் அடைந்தது,
மகள் படித்து முடித்தாள்.
அதை ஏளனம் செய்ய எனக்கு வாய் இல்லை.

ஆனால் கேள்வி பத்தாயிரம் வருஷத்துக்கு.
துளையருகே நின்றால்
பிலோமினாவின் புருஷன் படகு தெரிகிறது,
இடுப்பளவு சேற்றில் அவன் கைவிட்டுத் துழாவுவது தெரிகிறது.
காற்றைவிடக் கனமானது இந்த வாயு.
கசிந்தால் பறந்து போகாது,
பள்ளம் பார்த்துப் படுத்துக்கொள்ளும்.
இந்தப் பக்கம் பள்ளத்தில் இருப்பவர்கள் யார் என்று அறிய
வரைபடமே வேண்டாம்.

‘தாங்காது’ என்று எழுதினேன்.
கீழே கையெழுத்து, தேதி.
துளைக்குள் சிமென்ட் இறங்கியபோது
குப்புராஜ் ஏனோ தொப்பியைக் கழற்றினார்.

“அப்போ நாங்க அனுப்புறது?” என்றான் தேவசகாயம்.
போகட்டும். மேலே போவதற்கு
யாரும் அறிக்கை கேட்பதில்லை.

அன்று அவனுக்கு வார விடுமுறை.
சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம், ரசம், கருவாடு.
இரண்டாவது கவளத்தில் பல்லிடையே நறநறத்தது.
வண்டலா? உப்பு இல்லை. மண்ணும் இல்லை.
மாடியில் காயும் துணியிலும்
ஜன்னல் கம்பியிலும் இருப்பதுதான்.
எந்தத் துளையிலும் இந்தப் படிவம் எனக்கு வந்ததில்லை.
அவனைப் பார்த்தேன்,
அவனும் மென்றுகொண்டிருந்தான்.
“கருவாட்டை இன்னும் ரெண்டு தடவை அலசியிருக்கலாம்” என்றான்.